சோம்பேறிப் பலகாரமும் அம்மாவின் மணிக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது, ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது, கொஞ்சம் அடக்கவிலைக் கணக்கும் இருக்கிறது. குறிப்பு மட்டும் போதும் என்பவர்கள் நடுவில் இருக்கும் இரண்டு பத்திகளைப் படித்துவிட்டு ஓடிவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சண்டைதான் சுவாரசியம் :-)

விஷயம் இதுதான். போன கிறிஸ்துமஸுக்கு (2025) எங்கள் தெருவில் தட்டு கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தட்டு தூக்கிக்கொண்டு போவது மட்டுமில்லை, தட்டில் இருப்பதைச் செய்வதும் நான்தான். அதுவரை அடுப்படியில் நான் செய்த அதிகபட்ச சாதனை மேகி. அதிலும் தண்ணீர் அதிகம் என்று தங்கை சொல்வாள்.

வெளியூர் நண்பர்களுக்காக: எங்கள் வீடு தூத்துக்குடியில். கிறிஸ்துமஸ் வந்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போக வேண்டும். எங்கள் கணக்கில் 24 வீடுகள். அதில் பாதிக்கு மேல் இந்து வீடுகள், மூன்று முஸ்லிம் வீடுகள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். யார் வீட்டிலிருந்து எத்தனை அதிரசம் வந்தது என்பது வரைக்கும். எங்கள் மேஜர் சப்ஜெக்ட் அக்கவுண்டன்சி என்றாலும் இந்தப் பேரேட்டை அம்மா அளவுக்கு எனக்கு எழுத வராது.

அந்தத் தட்டில் என்ன இருக்கும்? அச்சு முறுக்கு, கல்கல், கொஞ்சம் முந்திரிக்கொத்து, மேலே ஒரு துண்டு கேக். கேக் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் அம்மாவும் பெரியம்மாவும் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தது. அச்சு முறுக்கு எப்படிச் செய்வார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நீளமான கம்பியின் முனையில் பூப்போல இரும்பு அச்சு. அதைக் கொதிக்கும் எண்ணெயில் காயவைத்து, தேங்காய்ப்பால் விட்ட மாவில் முக்கால்வாசி மட்டும் தோய்த்து (முழுக்க முங்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது), மறுபடி எண்ணெயில் வைத்து, சரியான நேரத்தில் மணிக்கட்டால் ஒரு உதறு உதற வேண்டும். ஒரு முறுக்குக்கு ஒரு உதறு. 200 முறுக்குக்கு 200 உதறு. கல்கல் இன்னும் மோசம். சுண்டைக்காய் அளவு மாவை முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். ஒவ்வொன்றாக. 2 கிலோ மைதாவுக்கு எத்தனை கல்கல் வரும் என்று ஒரு முறை எண்ண ஆரம்பித்து 400-க்கு மேல் விட்டுவிட்டேன்.

2024 கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு வாரத்தில் அம்மாவால் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. வலது கை மணிக்கட்டு. டாக்டர் இராத்திரியில் பட்டை போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வேலை செய்வதைக் குறைக்கச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாங்க. 2025 நவம்பர் கடைசியில் பார்த்தால் அச்சு முறுக்கு அச்சை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் சொன்னது: "ஒரே டிரேயில செய்யுற குக்கி பார் இருக்கும்மா. வெட்டி வச்சா முடிஞ்சது."

அம்மா சொன்னது: "அது சோம்பேறிப் பலகாரம்ல."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் பதில்.

குக்கி பார் என்பது அமெரிக்க வீடுகளின் சமாச்சாரம். அங்கே கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், மரம், மணி என்று வடிவம் வடிவமாக சுகர் குக்கி வெட்டி, க்ரீம் பூசி, மேலே கலர் மணிகள் தூவுவார்கள். மாவைக் குளிர வைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், வெட்ட வேண்டும், மிச்சத்தைத் திரட்டி மறுபடி தேய்க்க வேண்டும், ஆறேழாக அடுக்கிச் சுட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக க்ரீம் பூச வேண்டும். அதாவது நம் கல்கல் வேலையின் அமெரிக்கத் தங்கச்சி. அந்த மாவையே அப்படியே ஒரு டிரேயில் பரப்பி, மொத்தமாகச் சுட்டு, மொத்தமாக க்ரீம் பூசி, கத்தியால் கட்டம் போட்டால் அது பார். ருசி ஒன்றுதான். வடிவம் மட்டும் இல்லை. நம் ஊரில் 20 லிட்டர், 25 லிட்டர் என்று வாங்கும் சின்ன ஓடிஜி அவனுக்கு இது இன்னும் பொருத்தம். குக்கியாகச் சுட்டால் ஒரு ஈட்டுக்கு எட்டு ஒன்பதுக்கு மேல் அதில் இடம் இல்லை.

சரி, குறிப்புக்கு வருவோம். அமெரிக்கக் குறிப்புகள் எல்லாம் 9-க்கு 13 அங்குல டிரேவுக்கு எழுதியவை. அது 117 சதுர அங்குலம். நம்மிடம் இருப்பது 8-க்கு 8, அதாவது 64. எனவே எல்லாவற்றையும் பாதியாக்கினால் சரியாக இருக்கும். மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 130 கிராம், ஒரு முட்டை, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் வெனிலா எசன்ஸ். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை அடித்து, முட்டையும் எசன்ஸும் சேர்த்து, மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்துப் போட்டுக் கலக்குங்கள். மைதா சேர்த்த பிறகு ரொம்ப அடிக்காதீர்கள், இறுகிவிடும். பட்டர் பேப்பர் போட்ட டிரேயில் கையால் அழுத்திப் பரப்பி, முன்பே சூடாக்கிய அவனில் 175 டிகிரியில் 20 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமாகி நடுப்பகுதி 'இன்னும் வேகலையோ' என்று தோன்றும்போதே எடுத்துவிட வேண்டும். நன்றாக வெந்துவிட்டது என்று தெரியும்வரை வைத்தால் ஆறியதும் ரஸ்க்.

க்ரீமுக்கு வெண்ணெய் 75 கிராம், ஐசிங் சர்க்கரை 150 கிராம், ஒரு ஸ்பூன் பால். ஐசிங் சர்க்கரை தனியாக வாங்க வேண்டாம். சாதாரண சர்க்கரையோடு ஒரு ஸ்பூன் சோளமாவு போட்டு மிக்ஸியில் நைஸாக அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்தால் போதும். பார் முழுவதுமாக ஆறிய பிறகுதான் பூச வேண்டும். 'முழுவதுமாக' என்பதை நான்கு முறை எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் டிரேயில் பொறுமையில்லாமல் சூட்டோடு பூசினேன், க்ரீம் நெய்யாக உருகி ஓரத்தில் குளம் கட்டியது. தங்கை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இன்னொன்று, 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கும். அவர்களின் அறை 20, 21 டிகிரி. தூத்துக்குடியில் டிசம்பர் மத்தியானம் கூட 29, 30-ஐத் தொடும். வெண்ணெய் 32-க்கு மேல் போனால் உருகவே ஆரம்பித்துவிடும். அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலையை ஆரம்பியுங்கள், க்ரீமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் பூசுங்கள். பூசிய டிரேயை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வெட்டினால் 16 துண்டு கச்சிதமாக வரும். முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர். கொஞ்சம் பஞ்சு மாதிரி வரும், மோசமில்லை. (உப்பு போட்ட வெண்ணெய் என்றால் குறிப்பில் இருக்கும் உப்பைப் போடாதீர்கள். நான் இரண்டையும் போட்டேன். அந்த இரண்டாவது டிரேயை ஹாஸ்டல் நண்பர்கள் சாப்பிட்டார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடுபவர்கள் எதையும் சாப்பிடுவார்கள்.)

இப்போது கணக்கு. ஒரு டிரேவுக்கு நான் எழுதிவைத்தது: வெண்ணெய் 105 ரூபாய், மைதா 12, சர்க்கரை 17, முட்டை 7, எசன்ஸ் வகையறா 8, மேலே தூவும் கலர் மணி 20, கரண்ட் சுமார் 5. மொத்தம் 174. பதினாறால் வகுத்தால் துண்டு 11 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 24 வீட்டுக்கு வீட்டுக்கு இரண்டு என்றால் 48 துண்டு, மூன்று டிரே, 522 ரூபாய். என் நேரம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதிலும் பாதி நேரம் அவன் முன்னால் உட்கார்ந்து போன் பார்த்தது.

அம்மாவின் பலகாரத்துக்கு அதே மாதிரி 2024 மளிகைச் சீட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். மைதா, அரிசி மாவு, எண்ணெய், தேங்காய், முட்டை, சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். "பாத்தியா, கடையில வாங்குனா மூவாயிரம் ஆகும்" என்று அம்மா ஜெயித்த மாதிரி சொன்னாங்க. அங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். கூலி எங்கே? எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்குப் பலகாரம் சுட வரும் அக்காவுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் கொடுக்கிறார்கள். இரண்டு பேர், இரண்டு நாள் என்றால் 2,800. பொருள் செலவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது எந்தச் சீட்டிலும் இல்லை. அடக்கவிலைக் கணக்கில் கூலியை விட்டுவிட்டு விடை எழுதினால் எங்கள் சார் பக்கத்தையே அடித்துவிடுவார்.

பொருளாதாரப் பாடத்தில் பிகு என்று ஒரு ஆங்கிலேயர் வருவார். ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துபோகும் என்று அவர் சொன்ன விநோதம் பரீட்சைக்கு முக்கியமான கேள்வி. வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுவிடுகிறது, அதனால் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. மத்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. இந்த இரண்டையும் நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். படித்துக்கொண்டே "அம்மா, காபி" என்று கத்தியும் இருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

பாரம்பரியம் என்று ஒரு வாதம் வரும். பெரியம்மா அதைத்தான் எடுத்தாங்க. கல்கல் நம்ம பாட்டி பூட்டி காலத்துப் பலகாரம், இது எங்கேயோ அமெரிக்காக்காரன் பண்டம் என்று. கல்கல் கோவாவிலும் கிறிஸ்துமஸ் பலகாரம்தான். போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்று சொல்வார்கள். அவர்கள் இந்தக் கடற்கரையில் கால் வைத்ததே 1500களில். தூத்துக்குடி என்றாலே எல்லோரும் கேட்கும் மக்ரூன் இருக்கிறதே, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். பேரைப் பாருங்கள், தமிழா அது? யாரோ ஒருவர் வெளியூர்ப் பண்டத்தைக் கேட்டு, பாதாம் இல்லாத ஊரில் முந்திரியைப் போட்டுத் தட்டியிருக்கிறார். இன்று அதைப் பெட்டியில் கட்டிச் சென்னைக்குக் கொண்டுபோகிறோம். முதலில் செய்தவரையும் யாராவது "என்னல இது, வெள்ளைக்காரன் பண்டம்" என்று கேட்டிருப்பார்கள்.

எனக்குப் பெரிய ஆதாரமே 2023 டிசம்பர்தான். 17, 18 தேதிகளில் பெய்த மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. பலகாரத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த மைதா மூட்டையும் சர்க்கரையும் கரைந்துபோய்விட்டன. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வீட்டைக் கழுவி முடிக்கவே நாலு நாள் ஆனது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறவில்லை. அப்பா கடையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கிவந்தார். அம்மா அதைத் தட்டில் பரப்பி, கூச்சத்தோடு, மேலே துணி மூடித் தந்தாங்க. நானும் தங்கையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து கொடுத்துவந்தோம். கோடி வீட்டு ஆச்சி அந்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு அழுதாங்க. அவங்க வீட்டு மெத்தையெல்லாம் வாசலில் கிடந்தது. கையால் சுடாத பலகாரம் என்று அந்தத் தெருவில் ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. ஆக, தட்டு போவதுதான் விஷயம், உதறியது எத்தனை தடவை என்பது இல்லை. இதுதான் என் கட்சி.

ஆனால் இங்கே அம்மா ஒரு பதில் சொன்னாங்க. அதற்கு என்னால் இன்று வரை முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அந்த ரெண்டு நாளுதாம்ல எனக்கும் பெரியம்மைக்கும் லீவு."

யோசித்துப் பார்த்தேன். பெரியம்மா வீடு இருப்பது ஒரு மணி நேரத் தூரத்தில். வருஷத்தில் மற்ற நாட்களில் இரண்டு பேரும் கல்யாணம், சாவு என்று கூட்டத்தில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். டிசம்பர் 21, 22 மட்டும்தான் இரண்டு பேரும் தரையில் பேப்பர் விரித்து, கல்கல் சுருட்டிக்கொண்டு, நடு ராத்திரி வரை பேசிச் சிரிப்பது. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவதுதான் எனக்கும் கிறிஸ்துமஸ் வந்ததற்கு அடையாளம். 2,800 ரூபாய் கூலி என்று நான் போட்ட கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது? பற்றா, வரவா?

"சரிம்மா, அப்ப சும்மா உக்காந்து பேசுங்க, எண்ணெய் எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா எவளாவது ரெண்டு நாள் உக்காந்து பேசுவாளா? கையில வேலை இருந்தாத்தாம்ல வாயி வரும். உங்க அப்பா வந்து 'என்ன வேலை இல்லையா'ன்னு கேக்க மாட்டாரா?"

அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அதனால் என் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். கஷ்டமான பலகாரத்தை ஒழிக்க வேண்டாம். 24 வீட்டுக்கு என்ற அளவை அதன் தலையிலிருந்து இறக்க வேண்டும். கல்கல் அரைக் கிலோ மாவுக்கு, வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் மட்டும், பேசுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. தெருவுக்குப் போகும் கனமான எண்ணிக்கையை டிரே பார்த்துக்கொள்ளட்டும். டிரே வேலை சுலபம் என்பதால்தான் அதை என்னைப் போல ஒன்றும் தெரியாதவன் கையில் கொடுக்க முடிகிறது. அச்சு முறுக்கை என்னிடம் கொடுத்திருந்தால் வீடு எரிந்திருக்கும். அம்மா சொன்ன 'சோம்பேறிப் பலகாரம்' என்ற பேரை நான் மறுக்கவே இல்லை. சோம்பேறிக்கு என்று ஒரு பலகாரம் இருந்தால்தான் சோம்பேறி அடுப்படிக்குள் வருவான்.

அம்மாவின் உண்மையான பயம் வேறு என்பதும் கடைசியில்தான் தெரிந்தது. "கேக்க மாட்டாளுகளா, அவளுக்குக் கை விழுந்துட்டான்னு?" இதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகத் தெருவில் 'முறுக்கு வீட்டு அக்கா' என்று பேர் வாங்கியவர்கள். நான் துண்டுக்கு 11 ரூபாய் கணக்குக் காட்டியபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

23-ஆம் தேதி ராத்திரி மூன்று டிரே. (வீணாய்ப்போன இரண்டையும் சேர்த்தால் ஐந்து. அந்த 348 ரூபாயைப் பயிற்சிச் செலவில் எழுதிக்கொண்டேன்.) வெள்ளை க்ரீம், மேலே சிவப்பு பச்சை மணி. வெட்டி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினேன். இதை மறக்காதீர்கள், தட்டை வழக்கம்போலத் துணியால் மூடினால் க்ரீம் முழுவதும் துணியில் போய்விடும். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாங்க. பிறகு எதுவும் சொல்லாமல், அன்று சுட்ட முறுக்கில் எடுத்து ஒவ்வொரு தட்டிலும் ஒன்றே ஒன்று வைத்தாங்க. இருபத்து நாலு முறுக்கு. பெரியம்மா தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு "எங்க வீட்டுக்கு என்னட்டி மிச்சம்?" என்று கேட்டாங்க.

தெரு என்ன சொன்னது? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவதற்குள் காலி. எதிர் வீட்டு மாமா இனிப்பு தூக்கல் என்றார். அது உண்மை, இந்த வருஷம் க்ரீமில் சர்க்கரையை 120 கிராமாகக் குறைக்கப் போகிறேன். முட்டை சாப்பிடாத மாமி வீட்டில் தயிர் போட்டது என்று சொல்லிக் கொடுத்ததும், அவர் பொங்கலுக்குத் தட்டைத் திருப்பும்போது சர்க்கரைப் பொங்கலோடு "எப்படிப் பண்ணினே, எழுதிக் கொடு" என்று கேட்டு அனுப்பியிருந்தார். எழுதிக் கொடுத்தேன். மேலே எழுதியிருப்பது அந்தச் சீட்டின் விரிவாக்கம்தான்.

கோடி வீட்டு ஆச்சி மட்டும் கேட்டாங்க, "அம்மைக்குக் கை எப்படி இருக்கு மக்கா?" என்று. அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா "ம்" என்றாங்க. அப்புறம் வாளியில் ஆறு முறுக்கு எடுத்து, "இத அவளுக்குக் குடுத்துட்டு வா" என்றாங்க.